கொலோனுக்குப் போன தேங்காய்

போன சனிக்கிழமை என் மானம் எங்கள் வீட்டு வரவேற்பறையிலேயே கப்பலேறியது.

ஜேர்மனிக்குப் போய்த் திரும்பி மூன்று கிழமையாகிறது. போட்டோக்கள் கழுவி வந்துவிட்டன. ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் எங்கள் கட்டடத்திலேயே இருக்கிற ஒரு அங்கிளையும் அன்ரியையும் என் மனைவி தேநீருக்குக் கூப்பிட்டிருந்தாள். தேநீர் ஒரு சாட்டு. அல்பத்தைக் காட்ட வேண்டும் — விஷயம் அதுதான்.

அல்பத்தைத் திறந்தார்கள். முதல் படத்தில் ஒரு வாங்கு. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உட்காருவார்களே, அப்படியொரு சாதாரண மர வாங்கு. இரண்டாவதில் அதே வாங்கு, வேறு பக்கத்திலிருந்து. மூன்றாவதில் ஊர்ப் பெயர் எழுதிய ஒரு மஞ்சள் பலகை. நான்காவதில் அந்தப் பலகையின் முதுகு. ஐந்தாவதில் பலகைக்கு இந்தப் பக்கம் என் நண்பர் குலம். ஆறாவதில் பலகைக்கு அந்தப் பக்கம் குலம். ஏழாவதில் ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே...

இது என்ன இடம் என்று அன்ரி கேட்டார். பஸ் தரிப்பு என்றேன். பேர்போன பஸ் தரிப்போ என்று கேட்டார். இல்லை, சும்மா பஸ் தரிப்பு என்றேன். அங்கிள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். அங்கே வீதியோரக் கல்லின்மேல் ஒரு தேங்காய் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

என் மனைவி பாதி குடித்த கோப்பைகளைக்கூட எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

முப்பத்தாறு படம்! உலகமெல்லாம் காலண்டரில் தொங்குகிற கொலோன் தேவாலயத்தின் வாசலில் போய் நின்றுவிட்டு, அதன் படம் ஒன்றுகூட இல்லாமல் திரும்பி வந்தவன் நான். உங்களுக்குக் குழப்பமாக இருக்கிறதா? எனக்கு இருந்த குழப்பத்தில் இது கால்வாசிகூட இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

கனடாப் பாஸ்போர்ட் என் கைக்கு வந்து ஆறு மாதம். உள்ளே ஒரு முத்திரைகூட இல்லை. மேசை லாச்சியைத் திறப்பதும், அதை எடுத்து என் படத்தைப் பார்ப்பதும், திரும்ப வைப்பதுமாக இருந்தேன். எங்கேயாவது போய் யாரிடமாவது அதை நீட்ட வேண்டும் போலிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் குலம் ரெலிபோன் எடுத்தார். ஐந்து நாள் ஜேர்மனிக்கு வாருங்கள், கொலோன் நகரத்தைச் சுற்றிக் காட்டுகிறேன் என்றார்.

குலம் என்பது உண்மைப் பெயர்தான். இந்தப் பேப்பர்ப் பத்தியில் எழுதுவதற்கு அனுமதி வாங்கிவிட்டேன். யாரிடம் வாங்கினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர் இருப்பது பார்க்டேலில். வேலை பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு ஊரைவிட்டு வெளிக்கிட்டு, கொலோனுக்குப் பக்கத்தில் ஒரு அகதி முகாமில் இரண்டு வருஷம் இருந்து, பிறகு கனடாவுக்கு வந்தவர். அதனால் ரொறன்ரோவில் அவர்தான் ஜேர்மனி நிபுணர். யாருடைய தம்பியாவது அங்கே போய் இறங்கினால், யாருக்காவது ஜேர்மன் மொழியில் கடிதம் வந்தால், ரெலிபோன் பார்க்டேலுக்குத்தான் போகும். கொலோன் தேவாலயத்தைப் பற்றிக் கேட்டால் போதும். கோபுரத்துக்கு எத்தனை படி, மணி எவ்வளவு பாரம், எந்த ஜன்னல் கண்ணாடியில் எந்தச் சாமி... கேட்பவர்கள் வாய் பிளந்து நிற்பார்கள். நானும் பிளந்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட வழிகாட்டி கிடைத்தால் விடலாமா?

ஆனால் ஒன்று இடித்தது. குலத்தின் மனைவி வசந்தா அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. போன வருஷம் ஒன்று தங்காமல் போய்விட்டது. இந்த முறை டொக்டர் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். இந்த நேரத்திலா ஒரு மனுசன் ஊர் சுற்றப் போவான்? என் மனைவி நேரடியாகவே சொன்னாள். குலம் நல்ல பெடியன் என்றுதான் நினைத்திருந்தேன், இப்போது சந்தேகமாக இருக்கிறது என்றாள். உங்களையும்தான் என்று சேர்த்துக்கொண்டாள்.

நான் குலத்திடம் கேட்டேன். பிள்ளை பிறந்த பிறகு போகலாமே? இல்லை, பிறக்க முன்னம்தான் போகவேண்டும் என்றார். ஏன்? விமானச் சீட்டின் விலையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். வசந்தா என்ன சொல்கிறார்? போகட்டாம் என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் உல்லாசப் பயணம் போகிற முகமாகத் தெரியவில்லை. வசந்தாவுக்குத் துணையாக அவருடைய அக்கா மொன்றியலிலிருந்து வந்தார். நாங்கள் விமானம் ஏறினோம்.

குழப்பம் நம்பர் ஒன்று, ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்தில்.

என் புதுப் பாஸ்போர்ட்டுக்கு முத்திரை விழுந்தது. எவ்வளவு கனவு கண்டேன், அந்த அதிகாரி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. குலத்திடம் இருந்தது அகதிகளுக்குக் கனடா கொடுக்கும் பயணப் புத்தகம். அதில் விசா இருந்தது. அவருக்கும் முத்திரை விழுந்தது. அடுத்தது சுங்கம். குலத்தின் கைப்பையைத் திறக்கச் சொன்னார்கள். ஒரு கம்பளிச் சட்டை. அதை விரித்தால் உள்ளே ஒரு தேங்காய். நார் உரித்து, குடுமி வைத்த தேங்காய்!

அதிகாரி அதைக் கையில் எடுத்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே தண்ணீர் சளக் சளக் என்றது. அவருக்கு அந்தச் சத்தம் பிடித்துவிட்டது போலிருக்கிறது. இன்னொரு முறை ஆட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும், எதற்கையா இந்தத் தேங்காய் என்றேன். சொதி வைக்க என்றார். ஐந்து நாளைக்கு லொட்ஜில் தங்கப் போகிறோம். அடுப்புமில்லை, சட்டியுமில்லை. எங்கே வைக்கப் போகிறார் சொதி? ரயிலில் ஏறியும் கேட்டேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொலோனுக்கு ரயில். நித்திரைக் குறைவு. இரண்டு பேரும் தூங்கிப்போனோம். பக்கத்துச் சீட்டுக்காரர் தட்டி எழுப்பித்தான் இறங்கினோம். சூட்கேஸ்களை ஸ்ரேசனில் உள்ள பெட்டியில் வைத்துப் பூட்டினோம். கைப்பையை மட்டும் குலம் விடவில்லை.

இனித்தான் குழப்பம் நம்பர் இரண்டு.

தேவாலயத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். நகரத்துக்குள்ளே அரை மணித்தியாலம் போகவேண்டும் என்றார் நிபுணர். ஸ்ரேசனுக்குள்ளேயே நிலத்துக்குக் கீழே இறங்கும் படிகள் இருந்தன. விறுவிறுவென்று இறங்கினார். வந்த முதல் ட்ராமில் ஏறினார். நானும் ஏறினேன். வழிகாட்டி ஏறினால் ஏறத்தானே வேண்டும்?

ட்ராம் கொஞ்சத் தூரத்தில் நிலத்துக்கு மேலே வந்தது. கடைகள் போயின. வீடுகள் வந்தன. வீடுகள் போயின. மரக்கறித் தோட்டங்கள் வந்தன. குலம் கழுத்தை நீட்டி நீட்டி முன்பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசித் தரிப்பில் எங்களை இறக்கிவிட்டார்கள். எதிரே ஒரு ரயர்க் கடை. பக்கத்தில் கோவாத் தோட்டம், வரிசை வரிசையாகப் பச்சை முட்டைக்கோஸ். இது தேவாலயத்தின் பின்வாசலாக இருக்குமோ?

நாயோடு ஒரு பெண்மணி வந்தார். குலம் ஜேர்மன் மொழியில் பேசினார். அப்போதுதான் கவனித்தேன் — நிபுணருக்குத் தெரிந்த ஜேர்மன் ஒரு தினுசானது. 'படிவம்' தெரியும். 'முத்திரை' தெரியும். 'நாளைக்கு வா' தெரியும். 'அனுமதி இல்லை' நன்றாகத் தெரியும். வழி கேட்கத் தெரியாது. கடைசியில் கைப்பையிலிருந்து ஒரு தபாலட்டையை எடுத்துக் காட்டினார். தேவாலயப் படம், மூலைகள் மடங்கிப் போனது. அந்த அம்மா சிரித்துவிட்டு என் நோட்டில் ஒரு படம் போட்டுத் தந்தார். ஒரு பெட்டி. அதற்குள் ஒரு ரயில். பெட்டியை ஒட்டினாற்போல, இடைவெளியே இல்லாமல், இரண்டு கோபுரங்கள்.

வந்த ட்ராமிலேயே திரும்பினோம். இந்த முறை ஸ்ரேசனின் முன்வாசலால் வெளியே வந்தோம். ஐயா, மூக்கை இடித்தது தேவாலயம்! ஸ்ரேசன் வாசல், ஒரு முற்றம், கொஞ்சம் படி, அவ்வளவுதான். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. கறுத்த கல்லில் இரண்டு கோபுரம் மேகத்துக்குள் போகிறது.

எனக்கு வந்தது கோபம். இரண்டு வருஷம் இந்த ஊரில் இருந்த மனுசனுக்கு இது ஸ்ரேசன் வாசலில் இருப்பது தெரியாதா? காலண்டரை வாசித்துவிட்டுத்தான் ரொறன்ரோ முழுக்கக் கதை விட்டுக்கொண்டிருந்தாரா? நறுக்கென்று கேட்கலாம் என்று திரும்பினேன். குலம் படியில் உட்கார்ந்திருந்தார். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணை, நான் இஞ்சை வரேல்லை. ஒருநாளும் வரேல்லை."

பிறகு அந்தப் படியிலிருந்தே எல்லாவற்றையும் சொன்னார்.

முகாம் இருந்தது அடுத்த மாவட்டத்தில். அகதி விண்ணப்பம் போட்டவர்கள் தங்கள் மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அது அங்கே சட்டம். முகாமிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் ஒரு பஸ் தரிப்பு, ஒரு வாங்கு, ஊர் முடிகிற இடத்தில் ஒரு மஞ்சள் பலகை. பலகையோடு அவர்களுடைய மாவட்டமும் முடிகிறது. வாங்கில் இருந்து பார்த்தால், வெளித்த நாட்களில், அடிவானத்தில் இரண்டு கூர் தெரியும். வந்த புதிதில் குலத்துக்கு அது தேவாலயம் என்றுகூடத் தெரியாது. கோபுரம் என்று மட்டும் தெரிந்திருக்கிறது. கோபுரத்தைக் கண்டால் நாம் என்ன செய்வோம்? கும்பிட்டிருக்கிறார்.

அப்போது வசந்தா யாழ்ப்பாணத்தில். கல்யாணம் முடித்துப் பத்து மாதம்தான். மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. முகாமில் வானொலி கேட்பவர்கள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு செய்தி சொல்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குலம் அந்த வாங்கில் இருந்துகொண்டு நேர்த்தி வைத்தார். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு கடிதம் வரட்டும், உன் வாசலில் வந்து தேங்காய் உடைக்கிறேன்.

எட்டாம் நாள் கடிதம் வந்தது.

சந்தோஷத்தில் நேர்த்தியைப் பற்றி மனைவிக்கு எழுதிவிட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். ஊரில் எங்களுக்கு நேர்த்தி என்றால் தெரியும்தானே? வைத்தால் செய்ய வேண்டும். வசந்தா ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டார் — உடைத்துவிட்டீர்களா, ஏன் சுணங்குகிறீர்கள்? குலம் அனுமதி கேட்டு அலுவலகத்துக்குப் போனார். படிவத்தில் காரணம் எழுதும் இடம் இருந்தது. கோயில் வாசலில் தேங்காய் உடைக்க என்று ஜேர்மன் மொழியில் எப்படி எழுதுவது? பக்கத்தில் நின்றவரிடம் கேட்டு 'சுற்றிப் பார்க்க' என்று எழுதிக் கொடுத்தார். சுற்றிப் பார்ப்பது ஒரு காரணமல்ல என்று படிவம் திரும்பி வந்தது. களவாகப் போயிருக்கலாம். ஆனால் போன ஒருவர் பிடிபட்டு, அவருடைய வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. இவருக்குப் பயம்.

கடைசியில் பொய் எழுதினார். போனேன், உடைத்தேன், எல்லாம் நல்லபடி முடிந்தது. கூடவே ஒரு தபாலட்டை. மனைவி மேலும் மேலும் கேட்டதால் காலண்டரையும் சுற்றுலாப் புத்தகத்தையும் தேடி வாசித்து, படிக்கணக்கு மணிக்கணக்கு எல்லாம் எழுதினார். கனடாவுக்கு வந்த பிறகு அதே கதையை எங்களுக்கும் சொல்ல வேண்டியதாயிற்று. வசந்தா பக்கத்தில் இருக்கும்போது வேறு எதைச் சொல்வது?

"போன வருஷம் பிள்ளை தங்கேல்லை. அவ அழுதழுது கேட்டா, நாங்கள் ஆருக்கு என்ன குறை வைச்சனாங்கள் எண்டு. நான் வாயைத் திறக்கேல்லை அண்ணை."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கம்தான் வந்தது. எனக்கு விசா ஒபீஸ் ஞாபகம் வந்தது. ரொறன்ரோவில் குலத்துக்குத் துணையாகப் போயிருந்தேன். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் 'சுற்றிப் பார்க்க' என்று எழுதினார். பேனையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துப் பிழையைத் தேடுகிறார் என்று நினைத்தேன்.

சரி, வந்தாயிற்று. வாசல் இருக்கிறது, தேங்காய் இருக்கிறது. உடைத்துவிட்டுப் போவதுதானே? எழும்பும் குலம் என்றேன்.

வாசலில் சிவப்பு அங்கி போட்ட காவலர் ஒருவர் நின்றார். கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னார். குலம் தேங்காயை எடுத்து, தனக்குத் தெரிந்த ஜேர்மனில், அனுமதி இருக்கா, அனுமதி இருக்கா என்று கேட்டார். பாவம் அந்தக் காவலர். அவருக்கு வந்த குழப்பத்தைப் பார்த்து எனக்கே இரக்கம் வந்தது. மிக மரியாதையாகத் தேங்காயை வாங்கி, உள்ளே குடைகள் வைத்திருந்த இடத்தில் குடைகளுக்கு நடுவில் வைத்தார். போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள் என்று கைகாட்டினார்.

உள்ளே போனோம். கண்ணாடிகளையெல்லாம் நான் அண்ணாந்து பார்த்தேன். குலம் ஒன்றையும் பார்க்கவில்லை. மெழுகுதிரி ஒன்று கொளுத்திவிட்டுக் கண்ணை மூடி நின்றார். வெளியே வரும்போது தேங்காயை வாங்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தோம்.

உடைக்க ஓர் இடம் பார்த்தார். படியோரம், தூணுக்குப் பக்கத்தில். கையை ஓங்கினார். அந்த நேரம் முற்றத்தின் மறுகரையில் இரண்டு பொலிஸ்காரர் நடந்து போனார்கள். எங்களைப் பார்க்கக்கூட இல்லை. குலத்தின் கை அப்படியே இறங்கியது. தேங்காயை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"குலம், உம்மை இப்ப ஆரும் கேக்கேலாது. உம்மட்டை விசா கிடக்கு" என்றேன்.

ஓம் என்றார். எல்லாம் தெரியும் என்றார். ஆனால் கை எழும்பவில்லை. பொலிஸ்காரர் போனார்கள். பிறகும் எழும்பவில்லை. மூன்று தரம் முயன்றார். விசாவைக் குத்திக் கொடுத்துவிட்டார்கள், பயத்தை யார் எடுப்பது? நான் உடைக்கட்டுமா என்று கேட்டேன். வைத்தவர்தான் உடைக்க வேண்டும் என்றார்.

பிறகு, அந்த வாங்கடிக்குப் போவோம் அண்ணை என்றார்.

இந்தப் பயணத்தில் குலம் வழி தவறாமல் கூட்டிக்கொண்டு போன ஒரே இடம் அதுதான். பஸ் நம்பர் மனப்பாடம். இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த பஸ் நகரத்துக்குப் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தவர் அல்லவா? மஞ்சள் பலகை கண்ணில் பட்டதும் என் கையைப் பிடித்தார். பஸ் பலகையைக் கடந்தது. சோதிக்க யாரும் ஏறவில்லை, யாரும் எதையும் கேட்கவில்லை. கையை விட்டார்.

வாங்கில் ஒரு ஜேர்மன் கிழவனார் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். மழை விட்டு வானம் வெளித்திருந்தது. தூரத்தில் இரண்டு கூர் தெரிந்தது. குலம் சப்பாத்தைக் கழற்றி வைத்தார். வீதியோரக் கல்லுக்கு முன்னால் நின்று கும்பிட்டார். ஓங்கி அடித்தார்.

ஒரே அடி. நடுவால் பிளந்தது. வெள்ளை வெளேரென்று, ஒரு கறை இல்லை, ஒரு அழுகல் இல்லை. உங்களுக்குத் தெரியும், உடைத்த தேங்காய் அழுகலாக இருந்தால் எங்கள் ஆட்களுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. குலம் அந்த இரண்டு பாதியையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பாருங்கோ அண்ணை. பாருங்கோ. பிள்ளைக்கு ஒண்டும் வராது."

கிழவனார் எழும்பி வந்தார். திட்டப் போகிறாரோ என்று பயந்தேன். அவர் குனிந்து சிரட்டைத் துண்டு ஒன்றை எடுத்துக் குப்பைத் தொட்டிக்குள் போட்டார். குலம் பேனாக்கத்தியால் ஒரு துண்டு தேங்காய் வெட்டி அவரிடம் நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டார். நல்லது என்று தலையாட்டினார். இன்னொரு துண்டு கேட்டார்.

அதற்குப் பிறகுதான் படங்கள். இந்தப் பக்கம் நின்று ஒன்று எடுங்கோ, அந்தப் பக்கம் நின்று ஒன்று எடுங்கோ, ஒரு காலை வைத்து ஒன்று... ஃபில்ம் முடியும்வரை எடுத்தேன். மிச்ச நாலு நாளும் மழை. லொட்ஜில் படுத்துக் கிடந்தோம்.

திரும்பி வரும்போது விமானத்தில் குலத்துக்குப் புதுக் கவலை பிடித்தது. வாசலில் உடைக்கிறேன் என்றுதானே சொன்னேன், வாங்கடியில் உடைத்தது செல்லுமா? அட்லாண்டிக் சமுத்திரம் முழுக்க இதே கேள்வி. எனக்கு எப்படித் தெரியும்? நான் பத்தி எழுதுகிறவன், ஐயர் அல்ல. வசந்தாவிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இனிப் போன ஞாயிற்றுக்கிழமைக்கு வாருங்கள்.

அல்பத்தை வசந்தாவுக்கும் காட்ட வேண்டுமென்று என் மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். தேங்காய்ப் படத்தை மட்டும் உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பார்க்டேலுக்குப் போனேன். குலம் உடுப்புக் கூடையோடு கீழே லோண்டரிக்குப் போயிருந்தார். அக்கா குசினிக்குள். என் மனைவியும் அங்கே போய்விட்டாள். டொக்டர் இப்போது சோபாவரை நடக்க விட்டிருந்தார்; அதில் சாய்ந்திருந்த வசந்தா அல்பத்தை விரித்தார். வாங்குப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இதுதான் அந்த இடமோ அண்ணை? தேங்காயை எங்கை உடைச்சவர்?"

என் கை தானாகச் சட்டைப் பையைப் பொத்தியது. எந்தத் தேங்காய் என்று கேட்கலாமென்றால் என் முகமே காட்டிக் கொடுத்துவிட்டது.

உடைத்தேன் என்று எழுதிய முதல் கடிதத்திலேயே வசந்தாவுக்கு அது பொய்யென்று தெரியுமாம். குலம் எழுதியிருந்தாராம் — உடைத்ததும் சனம் ஓடிவந்து சிதறின தேங்காய்ச் சொட்டுப் பொறுக்கியது என்று. நல்லூர்க் கோயிலில் பொறுக்கும். கொலோனில் யார் பொறுக்குவது? அதே கடிதத்தின் கடைசியில், ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து தேங்காயைக் கண்ணாலும் காணவில்லை, சம்பலுக்கு நாக்குச் செத்துப் போய்க் கிடக்கிறது என்றும் எழுதியிருக்கிறார் மனுசன்! வசந்தா வாசித்துவிட்டுச் சிரித்தாராம். பிறகு அழுதாராம். முகாமிலிருந்து வெளியே போக விடமாட்டார்கள் என்பது கொஞ்ச நாளில் வேறு ஆட்கள் மூலம் தெரிய வந்திருக்கிறது.

"போகேலாத இடத்துக்கு ஏன் போகேல்லை எண்டு சாமி கேக்குமே? எனக்கு அதாலை ஒரு பயமும் இல்லை. இவர்தான் உள்ளுக்கை வைச்சு வேகிறார். பிள்ளையைத் தூக்க முன்னம் அந்தப் பொய்யை இறக்கி வைக்கட்டும் எண்டுதான் போக விட்டனான்."

அப்படியென்றால் தேங்காய் போனதும் தெரியுமா என்று கேட்டேன்.

தெரியுமாவாம்! குலம் குயின் வீதியில் மேற்கிந்தியக் கடையொன்றில் வாங்கிக் கம்பளிச் சட்டைக்குள் சுற்றி ஒளித்து வைத்த தேங்காயை, அவர் வேலைக்குப் போன நேரம் வசந்தா எடுத்து ஆட்டிப் பார்த்திருக்கிறார். சத்தமே இல்லை. தண்ணீர் வற்றி உள்ளே அழுகிப்போன காய். குலத்துக்குக் கத்தரிக்காய்கூடப் பார்த்து வாங்கத் தெரியாதென்பது ஊரறிந்த சங்கதி. டொக்டர் படுக்கச் சொன்ன அந்தப் பெண், குசினிவரை மெல்ல நடந்து போய், வீட்டிலிருந்த நாலு தேங்காயையும் காதில் வைத்து ஆட்டிப் பார்த்து, நல்லது ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதே சட்டைக்குள் அதே மாதிரிச் சுற்றி வைத்துவிட்டு வந்து படுத்திருக்கிறார்.

நான் பைக்குள்ளிருந்த படத்தை எடுத்துக் கொடுத்தேன். வசந்தா இரண்டு பாதியையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்லா உடைஞ்சிருக்கு" என்றார். அவ்வளவுதான்.

குலத்திடம் சொல்லிவிடுங்கள், செல்லுமா செல்லாதா என்று மனுசன் நித்திரை கொள்ளாமல் கிடக்கிறார் என்றேன். தான் சொன்னால் அவருக்கு வெட்கமாகிவிடும், முகத்தைப் பார்க்கமாட்டார் என்றார் வசந்தா. நீங்கள் பேப்பரில் எழுதுங்கோ என்றார். வெள்ளிக்கிழமைகளில் குலம் வேலையால் வரும்போது கடையில் பேப்பரை எடுத்து, அங்கேயே நின்று என் பத்தியை வாசித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாராம். வாசித்துக்கொண்டு நிற்கும்போது கொஞ்சம் வெட்கப்படட்டும், நடந்து வருவதற்குள் சரியாகிவிடும் என்றார். லோண்டரிக் கூடையோடு குலம் கதவைத் திறந்தார். நாங்கள் காலநிலையைப் பற்றிப் பேசத் தொடங்கினோம்.

பதினைந்து வருஷமாகப் பத்தி எழுதுகிறேன். ஒரு வீட்டுக்குள் கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் தபால்காரனாக இருந்தது இதுவே முதல் தடவை. யார் யாருக்குப் பொய் சொன்னார்கள், யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்று எனக்கு இன்னமும் சரியாகப் பிடிபடவில்லை.

குலம், வாசித்து முடித்துவிட்டீரா? பேப்பரை மடித்துக் கக்கத்தில் வையும். வீட்டுக்குப் போம். அது செல்லும். வைத்தவர் உடைத்தார், யாருக்காக வைத்தாரோ அவர் பார்த்து எடுத்துக் கொடுத்த காய். இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஒன்று மட்டும்... இனிமேல் தேங்காய் வாங்கினால் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து வாங்கும்.